மேடைக்குப் பின்னால் சில எண்கள்

தமிழ் மொழி விழாவிலோ கல்லூரிக் கலைநிகழ்ச்சியிலோ ஒருவர் ஐபேடைக் கையில் வைத்துக்கொண்டு அரங்கின் பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் நடந்துகொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேடையைப் பார்ப்பார், காதைச் சாய்ப்பார், திரையில் விரலை லேசாக நகர்த்துவார். பாடகரின் குரல் சற்று மேலெழும், தபேலா கொஞ்சம் அடங்கும். நிகழ்ச்சி நேரத்தில் வாட்ஸ்அப் பார்க்கிறார் என்று நினைத்து அவரை முறைப்பவர்களும் உண்டு.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்த முதலாண்டிலிருந்து அந்த வேலையை நான் செய்து வருகிறேன். எங்கள் கலாசாரக் குழுவின் ஒலிப் பிரிவில் இப்போது நான்தான் மூத்தவன். என்னிடம் இளையவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒலியைப் பற்றியவை குறைவு. “ஐபேடில் மிக்சர் தெரியவே மாட்டேங்குது, என்ன செய்யறது?” என்பதுதான் மீண்டும் மீண்டும் வரும் கேள்வி.

மிக்சர் என்றால் தீபாவளிக்குக் கொறிப்பது அன்று. மேடையிலுள்ள எல்லா மைக்குகளும் இசைக்கருவிகளும் வந்து சேரும் ஒலிக்கலவைக் கருவி. மின்னிலக்க மிக்சர்கள் வந்தபிறகு, அதன் முன்னால் உட்கார்ந்துதான் இயக்கவேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. ஒரு ரவுட்டரை அதனுடன் கம்பியால் இணைத்துவிட்டால், ஐபேடிலோ கைப்பேசியிலோ உள்ள செயலி வழியாக அரங்கின் எந்த மூலையிலிருந்தும் இயக்கலாம். ரசிகர் உட்காரும் இடத்தில் நின்று, ரசிகருக்குக் கேட்பதையே கேட்டுச் சரிசெய்யலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அந்த வசதி, மிக்சரின் திரையில் உள்ள சில எண்கள் சரியாக இருந்தால்தான் கிடைக்கும்.

அந்த எண்களைப் புரிந்துகொள்ளாமல் காணொளி பார்த்து அப்படியே தட்டச்சு செய்பவர்களே அதிகம். அது வேலை செய்யும், எதுவும் மாறாதவரை.

எங்களுக்கு மாறியது. குழுவின் ஒலியமைப்பை முழுவதும் செய்து வைத்திருந்த சீனியர் ஒருவர் படிப்பை முடித்து தேசிய சேவைக்குப் போய்விட்டார். அடுத்த சில மாதங்களில் பழைய ரவுட்டர் உயிரை விட்டது. செயற்குழுவினர் புதிதாக ஒன்றை வாங்கிவந்து, பழையதன் இடத்தில் பொருத்தி, ஐபேடையும் அதில் சேர்த்தார்கள். செயலி மிக்சரைத் தேடியது, தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. பொங்கல் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மிக்சர் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி, வாடகைக்கு ஒன்று எடுப்பதற்கான விலையைக்கூட ஒருவர் கேட்டு வந்துவிட்டார். குழுவின் அந்த ஆண்டுப் பணத்தில் பெரும்பகுதி அதற்கே போயிருக்கும்.

அந்தப் பருவத்தில்தான் கணினிக் கட்டமைப்புப் பாடம் எங்களுக்கு நடந்துகொண்டிருந்தது. ஐபேடின் வைஃபை அமைப்பைத் திறந்து பார்த்தேன். அதன் முகவரி 192.168.0.104. மிக்சரின் திரையில் இருந்ததோ 192.168.1.32. கோளாறு முழுவதும் அந்த மூன்றாவது எண்ணில் இருந்தது. மிக்சரில் 1 இருந்த இடத்தை 0 ஆக்கினோம். செயலியில் மிக்சர் தெரிந்தது. வாடகைப் பேச்சு அத்துடன் முடிந்தது.

புளோக் எண்ணும் வீட்டு எண்ணும்

அது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள வீவக புளோக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே புளோக்கில் இருக்கும் பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுக்க அஞ்சல் நிலையம் தேவையில்லை. தாழ்வாரத்தில் நாலு எட்டு வைத்தால் போதும். வேறு புளோக் என்றால் கீழே இறங்கி, வெளியே போகவேண்டும். வழி தெரிந்த ஒருவர் வேண்டும்.

ஐபி முகவரியும் அப்படித்தான். புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். அதில் ஒரு பகுதி புளோக் எண், மீதி வீட்டு எண். எதுவரை புளோக், எங்கிருந்து வீடு என்பதைச் சொல்வதுதான் அதற்கடுத்த வரியில் வரும் சப்நெட் மாஸ்க். 255.255.255.0 என்று இருந்தால் முதல் மூன்று எண்களும் புளோக், கடைசி எண் மட்டும் வீடு என்று பொருள். எங்கள் ஐபேட் 192.168.0 புளோக்கில் குடியிருந்தது. மிக்சர் 192.168.1 புளோக்கில் இருந்தது. ஒரே ரவுட்டரில் இணைந்திருந்தும் ஒன்றையொன்று பக்கத்து வீடாக நினைக்கவில்லை. சந்தையில் விற்கும் ரவுட்டர்களில் சில 192.168.0 என்றும் சில 192.168.1 என்றும் தொழிற்சாலையிலிருந்தே அமைக்கப்பட்டு வருகின்றன. ரவுட்டரை மாற்றும்போது இந்தத் தொல்லை வருவது அதனால்தான்.

ஒவ்வொரு புளோக்கிலும் இரண்டு எண்களுக்கு ஆளைக் குடிவைக்கக்கூடாது. மேலே சொன்ன மாஸ்க்கின்படி 0 என்பது புளோக்கையே குறிக்கும் எண்; 255 என்பது புளோக்கிலுள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்புச் செய்வதற்கானது. மிச்சமிருப்பவை 254. ஒரு கலைநிகழ்ச்சிக்கு அது ஏராளம்.

மூன்றாவதாக கேட்வே என்றொரு வரி இருக்கும். வெளியே போகும் வாசல். பெரும்பாலும் அது ரவுட்டரின் சொந்த முகவரி. மிக்சர் வெளியே எங்கும் போகப்போவதில்லை. ஐபேடுடன் பேசினால் அதற்குப் போதும். ஆனாலும் ரவுட்டரின் முகவரியை அங்கே சரியாக எழுதிவிடுவதே என் வழக்கம். அடுத்து வந்து பார்ப்பவருக்கு ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று அந்த வரியே சொல்லிவிடும்.

192.168 என்று தொடங்கும் முகவரிகளை எல்லா வீடுகளிலும் பார்க்கலாம். என் வீட்டு ரவுட்டருக்கும் உங்கள் வீட்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரியாக இருந்தால்கூட வியப்பில்லை. நான்கு எண் முறையில் மொத்தம் ஏறக்குறைய 429 கோடி முகவரிகள்தான் இருக்க முடியும். உலகிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அது போதாது. அதனால் சில தொகுதிகளை யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்னும் ஆவணம் அதைச் சொல்கிறது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, பிறகு நாம் அதிகம் காணும் 192.168.

யார் முகவரி கொடுப்பது?

ஐபேடையோ கைப்பேசியையோ வைஃபையில் சேர்க்கும்போது நாம் எந்த எண்ணையும் தட்டச்சு செய்வதில்லை. “எனக்கு ஒரு முகவரி கொடு” என்று அது கேட்கும், ரவுட்டர் ஒன்றைக் கொடுக்கும். டிஎச்சிபி என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். கொடுக்கப்படும் முகவரி குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும், வாடகை வீடு மாதிரி. அடுத்த முறை வேறொன்று கிடைக்கலாம்.

கைப்பேசிக்கு அது பரவாயில்லை. மிக்சருக்குச் சரிவராது. பலரும் வந்து தேடும் கருவி அது. முகவரி மாறிக்கொண்டே இருந்தால் தேடுபவர்களுக்குத்தான் அலைச்சல். அதனால் மிக்சருக்கு நிரந்தர முகவரி ஒன்றைக் கையால் எழுதிவைப்போம். அப்போது ஒரு கவனம் தேவை: ரவுட்டர் வாடகைக்கு விடும் எண்களுக்கு வெளியே அது இருக்கவேண்டும். ரவுட்டர் 100 முதல் 200 வரை கொடுக்கிறது என்றால் மிக்சரை 32இல் வைக்கலாம். 105இல் வைத்தால், ஒருநாள் யாரோ ஒருவரின் கைப்பேசிக்கு ரவுட்டர் அதே 105ஐக் கொடுத்துவிடும். ஒரே கதவெண்ணில் இரண்டு குடும்பம். செயலி சில நிமிடம் வேலை செய்யும், சில நிமிடம் செய்யாது. முற்றிலும் வேலை செய்யாத கருவியைவிட இப்படி விட்டுவிட்டு வேலை செய்யும் கருவியிடம்தான் நேரம் அதிகம் வீணாகும்.

மடிக்கணினியை மிக்சருடன் நேரடியாகக் கம்பியால் இணைப்பவர்கள் வேறொரு விசித்திர எண்ணைப் பார்த்திருக்கலாம். 169.254 என்று தொடங்கும் முகவரி. கணினி முகவரி கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்பதே அதன் பொருள். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. முகவரி கொடுப்பவர்தான் இல்லை. மடிக்கணினிக்கும் கையால் ஒரு முகவரி எழுதிவிட்டால், அதாவது மிக்சர் 192.168.0.32 என்றால் கணினியை 192.168.0.50 என்று வைத்துவிட்டால், ரவுட்டரே இல்லாமல் இரண்டும் பேசிக்கொள்ளும். ரவுட்டர் திடீரென்று செயலிழந்த நாளில் இது கைகொடுக்கும்.

எங்கள் குழுவிடம் இருப்பது பெரிங்கர் எக்ஸ்32. 2012இல் சந்தைக்கு வந்த இந்த மாதிரியைச் சமூக மன்றங்களிலும் கல்லூரி அரங்குகளிலும் நீங்களும் பார்க்க வாய்ப்பு உண்டு. அதில் செட்அப் பொத்தானை அழுத்தி நெட்வொர்க் பக்கத்துக்குப் போனால் நான் மேலே சொன்ன மூன்று வரிகளும் இருக்கும். வேறு நிறுவனத்தின் மிக்சர் என்றால் பக்கத்தின் பெயரும் இடமும் மாறும். மூன்று வரிகள் அவையேதான்.

அந்த மிக்சரின் முதுகுப்புறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இணையக் கம்பி நுழையும் துளைகள் மாதிரியே அங்கு ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. இரண்டின் மேல் ஏஇஎஸ்50 என்று எழுதியிருக்கும். மேடையில் வைக்கும் மைக் பெட்டியை இணைப்பதற்கானவை அவை. ஒலி அவற்றின் வழியே செல்லும். ஆனால் அது வீட்டு இணையத்தின் மொழியன்று. ரவுட்டரின் கம்பியை அங்கே செருகினால் அழகாகப் பொருந்தும், ஒன்றும் நடக்காது. எண்களைச் சந்தேகிப்பதற்கு முன்பு கம்பி எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் சின்ன விளக்கு மினுக்குகிறதா என்றும் பாருங்கள். நான் எப்போதும் கம்பியில் தொடங்கி, முகவரிக்கு வந்து, செயலியைக் கடைசியாகத்தான் சோதிப்பேன். பலர் செயலியை மூன்று முறை அழித்து மறுபடி பதிவிறக்கம் செய்துவிட்டு, நான்காவதாகக் கம்பியைப் பார்க்கிறார்கள்.

அஞ்சலட்டை போதும்

இணைப்புக் கிடைத்தபிறகு ஐபேடும் மிக்சரும் என்னதான் பேசிக்கொள்கின்றன? எனக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும். எக்ஸ்32 பயன்படுத்துவது ஓஎஸ்சி என்னும் முறை. அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வு மையத்தில் 1990களின் பிற்பகுதியில் உருவானது. “முதல் ஒலித்தடம், ஃபேடர், 0.75” என்கிற மாதிரியான சின்னச் சின்னச் செய்திகள். இந்த மிக்சரின் கணக்கில் 0 என்றால் ஃபேடர் அடிமட்டம், 1 என்றால் உச்சம், 0.75 என்றால் வந்த ஒலியைக் கூட்டாமல் குறைக்காமல் அனுப்பும் நிலை. விரலை நகர்த்தும்போது இப்படிப் பல செய்திகள் அடுத்தடுத்துப் பறக்கின்றன.

அவை பறக்கும் விதம்தான் யுடிபி. பதிவு அஞ்சலுக்குக் கையெழுத்து வாங்கிவருவார்கள். அஞ்சலட்டைக்கு யாரும் வாங்குவதில்லை. யுடிபி அஞ்சலட்டை ரகம். போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்காது. பொறுப்பில்லாத முறையாகத் தோன்றலாம். ஆனால் ஃபேடர் நகரும்போது வழியில் தவறிய ஒரு செய்தியைத் திரும்ப அனுப்புவதில் பயனில்லை. அதற்குள் விரல் வேறிடத்துக்குப் போயிருக்கும். அடுத்த செய்தி வந்துவிட்டால் பழையது தேவையில்லை.

மிக்சரில் நடக்கும் மாற்றங்களைத் தனக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்படி செயலி கேட்கலாம். அந்த வேண்டுகோள் 10 விநாடிக்குத்தான் செல்லும். அதற்குள் “நான் இன்னும் இருக்கிறேன்” என்று செயலி மறுபடி சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மிக்சர் அதற்குத் தகவல் அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். தன் வேலையை நிறுத்தாது. நிரலெழுதப் படிப்பவர்களுக்கு ஒரு யோசனை: பைத்தானில் சில வரிகள் எழுதி இந்த மிக்சரின் 10023ஆம் போர்ட்டுக்கு அனுப்பினால் ஃபேடர் தானாக நகரும். நிகழ்ச்சி நாளில் வேண்டாம். பயிற்சி நாளில் செய்துபாருங்கள். மோட்டார் வைத்த ஃபேடர் ‘சர்ர்’ என்று மேலேறும்போது வரும் மகிழ்ச்சியே தனி.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஓஎஸ்சி முறையில் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடு இல்லை. உங்கள் வைஃபைக்குள் நுழைந்துவிட்ட யாரும், செயலியைப் பதிவிறக்கம் செய்து, நடனம் நடந்துகொண்டிருக்கும்போதே பாட்டை நிறுத்திவிட முடியும். குறும்புக்காரத் தம்பி ஒருவன் போதும். ஆகவே ரவுட்டரின் கடவுச்சொல்தான் ஒரே பூட்டு. அதை ஒப்பனை அறையின் வெண்பலகையில் எழுதிப்போடுவது எனக்கு உடன்பாடில்லை. “இன்ஸ்டாகிராம்ல போடணும், வைஃபை பாஸ்வேர்ட் குடுங்கண்ணா” என்று கேட்பவர்களிடம் இதில் இணையமே இல்லை என்று சொல்லிவிடுவேன். அது உண்மையும்கூட. எங்கள் ரவுட்டரை வெளி இணையத்துடன் நாங்கள் இணைப்பதே இல்லை.

அரங்கு நிரம்பியதும்

காலையில் ஒத்திகை. நாற்காலிகள் காலி. ஐபேடோடு கடைசி வரிசைவரை நடந்தாலும் இணைப்பு அசையவில்லை. மாலையில் ஏறக்குறைய முந்நூறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது பாட்டில் செயலி திணறத் தொடங்கியது. மேடையில் பாடகர் தன் காதைத் தொட்டுக் காட்டி, பிறகு கையை மேலே தூக்கிக் காட்டுகிறார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று பொருள். ஐபேடின் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அன்று ஒலிபெருக்கிகளை வாடகைக்குக் கொடுத்த இடத்திலிருந்து வந்திருந்த ரவுட்டரைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தோம்.

எங்களுக்கு உதவ வந்திருந்த அண்ணன் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தொழிலில் இருப்பவர். அவர் ஓடவில்லை. மேடையோரம் இருந்த மிக்சரிடம் நடந்துபோய், பாடகருக்கான மானிட்டர் ஒலியைக் கையாலேயே ஏற்றிவிட்டு வந்தார். “வைஃபை போனா சத்தம் போகாது தம்பி. நீ கடைசியா என்ன சொன்னியோ அதையே மிக்சர் செஞ்சுக்கிட்டிருக்கும். பதறாதே” என்றார்.

அதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. நான் சொல்லும் இந்த அமைப்பில் வைஃபை வழியாக ஒலி செல்வதே இல்லை. கட்டளைகள் மட்டுமே செல்கின்றன. தொலைக்காட்சியின் தொலைஇயக்கியில் மின்கலம் தீர்ந்தால் படம் நின்றுவிடாதல்லவா? அதே கதைதான். ஆனால் மிக்சருக்கு நடந்துபோகும் வழியை யாரும் நாற்காலி போட்டு அடைத்திருக்கக்கூடாது.

அரங்கு நிரம்பியதும் இணைப்பு ஏன் தள்ளாடியது? அந்த ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் இயங்கியது. அங்கே ஒன்றின்மேல் ஒன்று படியாத அலைவரிசைகள் மூன்றுதான்: 1, 6, 11. புளூடூத்தும் அதே அலைக்கற்றையில்தான் இயங்குகிறது. முந்நூறு பேரின் பைகளிலும் கைப்பேசி, காதணிக் கருவி, கைக்கடிகாரம். போதாததற்கு மனித உடலில் பெரும்பகுதி நீர். அந்த அலைகளை அது விழுங்கும். காலி நாற்காலிகளிடையே செய்யும் சோதனையை நான் இப்போது பாதிச் சோதனையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

5 கிகாஹெர்ட்ஸில் அலைவரிசைகள் அதிகம், நெரிசல் குறைவு. சுவரைத் துளைக்கும் திறன் குறைவுதான். ஆனால் மிக்சரும் நாமும் ஒரே அரங்கில் இருக்கும்போது அது பெரிய குறையில்லை. அங்கேயும் 36 முதல் 48 வரையுள்ள அலைவரிசைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்திவிடுவேன். அதற்கு மேலே உள்ள சிலவற்றை ரேடார்களும் பயன்படுத்துகின்றன; ரேடார் இருப்பதாக உணர்ந்தால் ரவுட்டர் உடனே விலகி வேறிடம் போகவேண்டும் என்பது விதி. பாட்டின் நடுவே அந்த இடமாற்றம் நமக்கு வேண்டாம். ரவுட்டரை மிக்சருக்குப் பின்னால் இரும்புப் பெட்டிக்குள் ஒளித்துவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் உயரமான தாங்கியில், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே அது நிற்கட்டும். பார்க்க அழகாக இருக்காது. பரவாயில்லை.

கைப்பேசியும் தன் பங்குக்குத் தொல்லை தரும். இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டுகொண்டதும், நமக்கு உதவுவதாக நினைத்து, தானாகவே மொபைல் டேட்டாவுக்கோ முன்பு சேர்ந்திருந்த வேறொரு வைஃபைக்கோ தாவிவிடும். நிகழ்ச்சிக்கு முன்பு விமானப் பயன்முறையைப் போட்டு, வைஃபையை மட்டும் திரும்ப இயக்கி, மற்ற வைஃபைகளில் தானாகச் சேர்வதை நிறுத்திவைத்தால் அழைப்புகளும் வராது, தாவலும் நடக்காது.

அரங்கத்தின் பொது வைஃபையையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்பார்கள். விருந்தினருக்கான பல வைஃபை கட்டமைப்புகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பாதுகாப்புக்காகத் தடுத்திருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். யூடியூப் வேகமாக ஓடும், மிக்சர் மட்டும் தெரியாது. அடக்க விலைக்கு ஒரு சொந்த ரவுட்டர் வாங்கிவைப்பதே மேல்.

ஒலியே கம்பியில் போனால்

இதுவரை சொன்னது கட்டளைகளின் கதை. பெரிய அரங்குகளில் ஒலியே இதே வகைக் கம்பியில் பயணம் செய்கிறது. அதில் பரவலாகப் பயன்படும் முறை டான்டே. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2006இல் தொடங்கப்பட்ட ஆடினேட் நிறுவனம் உருவாக்கியது. பள்ளிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட். ஒரு மைக்குக்கு விநாடிக்கு 11 லட்சத்து 52 ஆயிரம் பிட். அறுபத்து நான்கு மைக்குகள் என்றால் ஏறக்குறைய 7.4 கோடி. ஒரு ஜிகாபிட் கம்பி அதைச் சுலபமாகச் சுமக்கும்.

கொள்ளளவைவிட நேரம்தான் அங்கே முக்கியம். டான்டேயில் வழக்கமாக வைக்கும் தாமதம் ஒரு மில்லி விநாடி. அந்த நேரத்தில் காற்றில் ஒலி ஏறக்குறைய 34 சென்டிமீட்டர்தான் நகரும். அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் எல்லாத் துண்டுகளும் வந்து சேரவேண்டும் என்பதால், எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுகின்றன. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க அவ்வப்போது கண்ணயரும் நெட்வொர்க் சுவிட்சுகள் இதற்கு ஆகாது. அந்தச் சிக்கன வசதியை அணைத்துவிடச் சொல்வார்கள். மேலே நான் சொன்ன 169.254 முகவரி இங்கே கோளாறின் அடையாளமன்று. ரவுட்டர் இல்லாத டான்டே கட்டமைப்பில் கருவிகள் தாங்களே அப்படி முகவரி வைத்துக்கொண்டு நன்றாகவே இயங்கும்.

இதைப் படிக்க ஆர்வமிருந்தால் ஆடினேட் நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே பயிற்சியும் தேர்வும் நடத்துகிறது. படிநிலை ஒன்றிலிருந்து தொடங்கலாம். கணினிக் கட்டமைப்பு படிப்பவர்களுக்கு ஒலி தெரிவதில்லை, ஒலி தெரிந்தவர்களில் பலருக்குக் கட்டமைப்பு என்றால் தயக்கம். இரண்டையும் ஓரளவு அறிந்தவருக்கு அரங்கங்களிலும் வழிபாட்டுத் தலங்களிலும் மாநாட்டுக் கூடங்களிலும் வேலை இருக்கிறது என்று அந்த அண்ணன் அடிக்கடி சொல்வார். எங்கள் குழுவில் இருவர் சென்ற விடுமுறையில் முதல் படிநிலையை முடித்துவிட்டார்கள்.

சீனியர் போனபின் பட்ட அவதிக்குப் பிறகு எங்கள் மிக்சரின் பக்கவாட்டில் வெள்ளை டேப் ஒட்டி, அதன் முகவரியையும் ரவுட்டரின் முகவரியையும் எழுதிவைத்திருக்கிறோம். கடவுச்சொல் அதில் இல்லை. அதுவும், எந்த அலைவரிசை, ரவுட்டர் எந்த எண்ணிலிருந்து எதுவரை கொடுக்கிறது, எந்தக் கம்பி எந்தத் துளையில் என்பனவும் கோப்புறையில் உள்ள ஒரு தாளில் இருக்கின்றன. தாளின் மேலே, எண்ணை மாற்றுபவர் தேதியுடன் எழுதவேண்டும் என்று ஒரு குறிப்பு. எனக்கு இந்த ஆண்டு படிப்பு முடிகிறது. அடுத்து நானும் தேசிய சேவைக்குப் போகிறேன். தாளை முதலாண்டு மாணவி ஒருவரிடம் ஒப்படைத்து, மிக்சரின் முகவரியை வேண்டுமென்றே மாற்றிவைத்துவிட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னேன். ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எனக்கும் தெரியாத ஒன்றை எழுதினார்: “மேடையின் இடப்பக்க மின்செருகி அரங்க விளக்கின் சுவிட்சோடு சேர்ந்தது. விளக்கை அணைத்தால் ரவுட்டரும் அணையும்.”